நூற்றுப் பதினேழாம் எண்ணுக்கு எத்தனை வயது?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத நான் உட்கார்ந்ததற்குக் காரணம் ஞானஜோதி. பாலக்காட்டில் டைப்பிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கிறார். போன வருடம், 1978-ல், என் ஆய்வேட்டைக் கார்பன் வைத்து நான்கு பிரதி அடித்துக் கொடுத்தவர். கடைசியாக நன்றிப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தபோது கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, பேராசிரியருக்கு நன்றி, கம்பெனிக்கு நன்றி, லைப்ரரிக்கு நன்றி, எனக்குக்கூட நன்றி போட்டிருக்கீங்க. எம்பத்தி நாலாம் பக்கத்துல ஒரு விசயம் இருக்குதே, அத உங்களுக்குச் சொன்னது யாருங்க? அவுங்க பேரக் காணமே?"

"அது நானே கண்டுபிடிச்சதுங்க" என்றேன்.

அவர் மறுபடி அடிக்க ஆரம்பித்தார். நான் சொன்னது பொய். அதைச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது.

ஆய்வேட்டில் அந்தப் பெயரை எழுத முடியாது. ஏன் முடியாது என்பதுதான் கதை. கதை என்று போட்டுவிட்டால் கம்பெனிக்காரர்கள் படிக்க மாட்டார்கள். படித்தாலும் நம்ப மாட்டார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். (எஸ்டேட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயரையும் எண்ணையும் மாற்றியிருக்கிறேன். ஞானஜோதியின் பெயரை மாற்றவில்லை. மாற்றினால் அடித்துத் தர மாட்டார்.)

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"சின்னக்கானல் மலைகளை மூடிக்கொண்டிருந்த பனி மெல்ல விலக..."

வேண்டாம். மலைக்கதை எழுதுகிற எல்லாரிடமும் இந்தப் பனி இருக்கிறது. உண்மையில் நான் போய் இறங்கிய அன்று நல்ல வெயில்.

"தகவல் அமைப்பு என்பது ஒரு நிறுவனத்துக்குள் செய்தி எங்கே பிறந்து, யார் கையில் மாறி, எங்கே போய்ச் சேர்கிறது என்பதன்..."

இது ஆய்வேட்டின் முதல் வரி. என் தம்பியே இதற்குமேல் படிக்கவில்லை.

"சுருளியம்மாள் முப்பது வயதுக்காரி. அவளுக்கு ஐம்பத்தேழு வயது."

இது இருக்கட்டும்.

3

ஆராய்ச்சி மாணவன் என்ற பாத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை. கொல்லங்கோட்டுக்காரன், இருபத்தாறு வயது, கையில் அளவுகோலும் பென்சிலும். அவனுக்குப் பிச்சைமணி என்று பெயர் வைத்து, 'அவன்' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அரைப் பக்கத்துக்குள் பிச்சைமணி என்னைவிட நல்லவனாகிக்கொண்டே போனான். ஆகவே நானே வருகிறேன்.

என் ஆய்வு இதுதான். ஒரு தேயிலைக் கம்பெனியின் தலைமை ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது. அது வருவதற்கு முன்னால், எஸ்டேட்டில் செய்தி எப்படி ஓடுகிறது என்று பெட்டியும் அம்பும் போட்டுப் படமாக வரைய வேண்டும். யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுத வேண்டும். என் பேராசிரியர் வழியனுப்பும்போது சொன்னார்: "இயந்திரத்தால் என்ன முடியும் என்று யோசிக்காதே. ஆட்களுக்கு என்ன வேண்டும் என்று கேள்."

கேட்டேன். 1977 அக்டோபரில் மூன்று வாரத்தில் நாற்பத்திரண்டு பேரைக் கேட்டேன். மானேஜர், ஹெட் கிளார்க், பெயர்ப் பதிவேடு எழுதும் ரைட்டர்கள், கம்பவுண்டர், ஃபாக்டரி ஆபீசர், தபால் பை தூக்குகிறவர் வரைக்கும். மானேஜர் ஒரே ஒரு வரம் கேட்டார். அறுபது வயது நிறைந்த தொழிலாளிகளின் பட்டியலை மாதாமாதம் இயந்திரமே அச்சடித்துத் தர வேண்டும். பட்டியலில் பெயர் வந்தால் வேலை முடிந்தது. கம்பெனி கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். "அதெல்லாம் சுலபங்க" என்று நான்தான் வரைந்து கொடுத்தேன். ஒரு பெட்டி, ஒரு அம்பு.

(நாற்பத்திரண்டு பேரில் கொழுந்து பறிக்கிறவர் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள். நானும் எண்ணவில்லை.)

4

பதிவேடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. எண் 117, மூக்கம்மாள், வயது ஐம்பத்தேழு. கொழுந்து எடையில் இந்த அம்மாள்தான் அந்த டிவிஷனில் முதலாவது. வாரா வாரம் முதலாவது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆய்வு என்றால் இப்படி ஒரு முரண் கிடைக்க வேண்டும்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், முந்நூறு பேர் வரிசையாக நின்று பெயர் கூப்பிடும் நேரத்தில், நான் செய்த காரியத்தை எழுத இப்போதும் கை கூசுகிறது. ரைட்டர் சூசையப்பன் "மூக்கம்மா" என்று கூப்பிட்டார். "உள்ளேன்" என்று குரல் வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிய படுதா, கறுகறுவென்று தலைமுடி.

"நீங்கதான் மூக்கம்மாளுங்களா? அம்பத்தேழு வயசுங்களா உங்களுக்கு?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சூசையப்பன் அடுத்த பெயரைக் கூப்பிட்டார், வழக்கத்தைவிடச் சத்தமாக.

[இந்த இடத்தில் ஞானஜோதி பென்சிலால் ஓரத்தில் எழுதியிருப்பது: "இவ்வளவு வெகுளியாவா இருந்தீங்க?" ஆமாம், இவ்வளவு வெகுளியாகத்தான் இருந்தேன். படித்தவன் அல்லவா.]

அன்று மத்தியானம் பேராசிரியர் மூலம் கம்பெனிக்கு இடைக்கால அறிக்கை எழுதி, கவரை ஒட்டி, எஸ்டேட் ஆபீஸ் தபால் பெட்டியில் போட்டேன். அதில் ஒரு வரி: 'எண் 117-ன் வயது ஐயத்துக்குரியது. ஆளை விசாரிக்கவும்.'

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் சூசையப்பன் என் அறைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து என் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். தபால் பையைக் கட்டுவது அவர் பொறுப்பு.

"பிரிச்சுப் பாக்கல, சார். மாதா சத்தியமா பாக்கல. பெரட்டுல நீங்க கேட்ட கேள்விலயே உள்ள என்ன இருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு அனுப்புதேன். இன்னைக்கு ஒருக்க எங்கூட வந்து ஒரு வீட்டுல கட்டஞ்சாயா குடிச்சுட்டு வந்துருங்க. அதுக்குப் பெறவு நீங்க அனுப்பச் சொன்னா நான் மறுபேச்சு பேச மாட்டேன்."

தபாலை நிறுத்தியது தெரிந்தால் அவர் ஜோலி போய்விடும். அவருக்கு நான்கு பிள்ளைகள். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. கோபம்தான் வந்தது. ஆனாலும் போனேன். போனேனே, அந்த ஒரு விஷயத்துக்காக என்னை நானே கொஞ்சம் மன்னித்துக்கொள்கிறேன்.

6

லயத்தில் நான்காவது வீடு. பெரட்டில் 'உள்ளேன்' என்ற அதே பெண், சுருளியம்மாள், அவித்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்டினியும் வைத்தாள். அவள் புருஷன் சங்கையா, ஃபாக்டரியில் தற்காலிக ஆள், வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். உள்ளே வரவில்லை.

"என்னமோ பெட்டி பெட்டியா வரையுதீகளாமே, சார். நானும் பாக்கலாமா?"

விரித்துக் காட்டினேன். பெரட்டிலிருந்து ரைட்டருக்கு ஒரு அம்பு, ரைட்டரிடமிருந்து ஆபீசுக்கு, ஆபீசிலிருந்து தலைமை ஆபீசுக்கு. அவள் விரலை வைத்து அம்புகளின் மேலேயே போனாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

'தொழிலாளி' என்ற பெட்டியைக் காட்டினேன். உள்ளே எண், பெயர், வயது.

"அதுல இருக்குறது எங்க அத்தைல்லா" என்றாள்.

மூக்கம்மாள் அவள் மாமியார். சங்கரன்கோவில் பக்கம் ஊருக்குப் போன இடத்தில் செத்துப்போய் ஒன்பது வருடம். அந்த வருடம் எஸ்டேட்டில் புதிதாக யாரையும் நிரந்தரமாகச் சேர்க்கவில்லை. பெயர் விட்டுப்போனால் வீடும் போய்விடும். ஆகவே காரியம் முடித்துத் திரும்பிய மறுநாள், பெரட்டில் மூக்கம்மாள் பெயரைக் கூப்பிட்டபோது மருமகள் 'உள்ளேன்' என்றாள். களத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த டிவிஷனில் இப்படிப் பதினொரு பேர்.

"மொத நாளு வாயே வரல, சார். இப்ப யாராச்சும் சுருளின்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்க நேரமாவுது."

மோசடிதானே என்று உங்களில் யாராவது நினைக்கலாம். நானும் நினைத்தேன், கிழங்கு தொண்டையில் இறங்கும்வரை. பெயர் யாருடையதானாலும் கூடையை நிரப்பியது இந்தக் கைதான். கம்பெனிக்கு ஒரு கொழுந்துகூடக் குறையவில்லை.

கணக்குப் போட்டுச் சொன்னேன். அறிக்கை போனால் ஆள்மாறாட்டம் என்று இப்போதே வெளியே. அறிக்கை போகாவிட்டாலும், நான் வரைந்து கொடுத்த பட்டியல் 1980-ல் மூக்கம்மாளுக்கு அறுபது என்று அச்சடிக்கும், அப்போது வெளியே. இதுநாள்வரை சூசையப்பன் பார்த்தும் பாராமலும் இருந்ததால் ஓடியது. இயந்திரத்துக்குப் பார்த்தும் பாராமல் இருக்கத் தெரியாது.

வாசலில் சங்கையா எழுந்து எங்கோ நடந்து போனான்.

சுருளியம்மாள் அழவில்லை. (முதல் வரைவில் அழவைத்திருந்தேன். அந்த வரியை நீக்கிவிட்டேன். அவள் அழவில்லை.) டம்ளரில் இன்னும் கொஞ்சம் சாயா ஊற்றினாள்.

"நாப்பத்திரெண்டு பேருகிட்ட என்ன வேணும், என்ன வேணும்னு கேட்டீகளாமே. எங்கிட்ட கேக்கலியே, சார்."

கேட்டேன். "உங்களுக்கு என்ன வேணுங்க?" அவ்வளவு வெட்கத்தோடு நான் வேறு எந்தக் கேள்வியையும் கேட்டதில்லை.

"பேரு அத்தைக்கே இருந்துட்டுப் போவட்டும். வயச மட்டும் எனக்கு எழுதுங்க. செத்தவளுக்கு வயசு எதுக்கு?"

சூசையப்பன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்தவர் சட்டென்று நிறுத்தி, "சார், இந்த ரஜிஸ்தர்ல எந்த வயசு நெசம்? எனக்கு முந்தின ரைட்டரு முகத்தப் பாத்துக் குத்துமதிப்பா எழுதுனதுதான. பாதி எஸ்டேட்டுக்கு ஒரே நாள்ல பிறந்தநாளு. போய்ப் பாருங்க" என்றார்.

7

போய்ப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்றுத் தொண்ணூறு பேர் ஜூலை முதல் தேதி பிறந்திருந்தார்கள். மூன்று வாரமாக அந்தப் பதிவேட்டைப் புரட்டியவன் நான். என் கண்ணில் படவில்லை.

கவரைக் கிழித்தேன். புதிய அறிக்கையில் எழுதியதுதான் பிறகு எண்பத்து நான்காம் பக்கமாயிற்று: 'வயதைப் பழைய பதிவேட்டிலிருந்து நகலெடுக்கக் கூடாது. புதிய படிவத்தில் ஒவ்வொரு ஆளையும் நேரில் பார்த்தே எழுத வேண்டும்.' ஒரு பொய்யும் அதில் இல்லை. பேராசிரியர் அந்தப் பத்தியின் ஓரத்தில் இரண்டு கோடு போட்டு 'முதல் தரம்' என்று எழுதினார். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். தரவுகளை ஒப்பிட்டு, என்றேன். கை குலுக்கினார். என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று சேர்ந்துகொண்டது. கொல்லங்கோட்டில் மாலை போட்டார்கள்.

அந்த மாலையைக் கழற்ற இத்தனை நாள் ஆகியிருக்கிறது. சுருளியம்மாள், உங்களுக்கு நன்றி. சாயாவுக்கும் கிழங்குக்கும், என்னைத் திட்டாமல் விட்டதற்கும், கேட்கத் தெரியாதவனுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்ததற்கும். சூசையப்பன், அந்த ஒரு நாள் தபாலுக்கு நன்றி. வாசலில் உட்கார்ந்திருந்த சங்கையாவுக்கும் நன்றி. அவன் என்னை அடித்திருக்கலாம், அடிக்கவில்லை.

8

இப்போது 1979 டிசம்பர். கம்பெனி என் படிவத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. வருகிற ஜனவரியில் எல்லா எஸ்டேட்டிலும் ஆட்களைப் புதிதாக எழுதப்போகிறார்கள். எழுத வருவது சூசையப்பன் இல்லை. தலைமை ஆபீசிலிருந்து வருகிற யாரோ ஒரு கிளார்க். பிப்ரவரியில் முதல் பட்டியல் அச்சாகும். ஆகவே இந்தக் கதைக்கு முடிவு இன்னும் நடக்கவில்லை. எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: கிளார்க் அவளைப் பார்க்கிறார், முப்பத்துமூன்று என்று எழுதுகிறார், அவள் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போகிறாள். இது எனக்கு நிம்மதி தருகிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: கிளார்க்குக்குக் குளிர். பழைய பதிவேட்டைப் பார்த்து அறுபது என்று எழுதிவிடுகிறார். பிப்ரவரி மாதம் லயத்தில் நான்காவது வீட்டின் பாத்திரங்கள் முற்றத்தில்... ("இத நான் அடிக்க மாட்டேனுங்க" என்று ஞானஜோதி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.)

முடிவு மூன்று: அவள் மேசைக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்று, முந்நூறு பேர் கேட்க, "என் பேரு சுருளியம்..."

இல்லை. இது எனக்கு வேண்டிய முடிவு. அவள் கேட்டது இது இல்லை. அந்தத் தவற்றை ஒருமுறை செய்தாயிற்று.

எனக்கு அந்தக் கிளார்க் யாரென்று தெரியாது. படிவத்தில் 'நேரில் பார்த்து' என்று அச்சடிக்க வைக்கத்தான் என்னால் முடிந்தது, பார்க்க வைக்க முடியாது. ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி. காலை ஏழரை. மேசைக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நூற்றுப் பதினாறு பேரை எழுதி முடித்தாயிற்று. விரல் விறைத்துவிட்டது. பழைய பதிவேடு இடது கைப்பக்கம் திறந்தே இருக்கிறது. பார்த்து எழுதினால் ஆளுக்கு அரை நிமிடம் மிச்சம், சீக்கிரம் ஜீப்பில் ஏறிவிடலாம். எண் கேட்டீர்கள், சொன்னாள். பெயர் கேட்டீர்கள், மூக்கம்மாள் என்றாள். அடுத்த கட்டத்தின் மேல் பேனா நிற்கிறது.

நிமிர்ந்து பாருங்கள்.