விறகுத் தொட்டித் தராசு

நசீம் பானுவுக்குக் குடலிறக்கம். "தொண்ணூறு கிலோவுக்குக் கீழ வந்தாத்தான் ஆபரேஷன். வாயைக் கட்டும்மா" என்று டாக்டர் சீட்டை நீட்டியதோடு சரி. எடை மெஷினின் முள் நூறோடு முட்டி நின்றுவிட்டதால், ஆஸ்பத்திரி ஆள் அவளை எதிரே விறகை நிறுத்து விற்கும் விறகுத் தொட்டிக்கு அனுப்பினான். எந்த மகாபுத்திசாலிக்குத் தோன்றிய யோசனையோ! தொட்டிக்காரர் கஜபதி தராசில் எடைக்கல்லை அடுக்கி, விறகுக்குக் கத்துவதுபோலவே "நூத்திப் பன்னெண்டு!" என்று கத்தினார். பூந்தமல்லி கடைத்தெருவே சிரித்தது.

அன்று வீட்டுக்குள் போனவள் ஒன்றரை வருஷம் வாசலைத் தாண்டவில்லை.

எண்பத்தேழாம் வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்குச் சமூகப் பணியாளராக வந்த ஹில்டா, சிகிச்சையைப் பாதியில் விட்ட நோயாளிகளைத் தேடி வீடு வீடாகப் போனாள். என்ன தின்கிறாய் என்று குடையப் போகிறாள் என நசீம் பானு காத்திருந்தாள். ஹில்டாவோ, "ஏன்க்கா வெளியவே வர்றதில்ல?" என்று கேட்டாள். அதுவரை யாருமே கேட்காத கேள்வி. நசீம் பானு கோவென்று அழுதாள்.

அழுகை ஓய்வதற்குள் பக்கத்து வீட்டு மஹ்பூபா கிண்ணம் நிறைய அல்வாவோடு வந்தாள். வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. இங்கிருந்து பாயசம் போகும். மறுநாள் அங்கிருந்து இன்னொன்று வரும். முடங்கிக் கிடந்தவள்மேல் தெரு வைத்த பாசமெல்லாம் இனிப்பாகவே வந்து சேர்ந்தது.

"கிண்ணத்தை நிறுத்த வேணாம். வெள்ளரிக்கா வெச்சு அனுப்புங்க. காலையில இவங்களோட சேர்ந்து நடங்க" என்றாள் ஹில்டா மஹ்பூபாவிடம்.

"அவ்ளோதானே? நானே இஸ்துகினு போறேன்!" என்றாள் மஹ்பூபா.

விடியற்காலைத் தொழுகை முடிந்து இரண்டு பேர் நடந்தார்கள். மாதம் திரும்புவதற்குள் ஒன்பது பேர். கேலி செய்தவர்களை மஹ்பூபாவின் வாய் பார்த்துக்கொண்டது. பெருநாள் விருந்தில் எடை ஏறியபோதும் ஹில்டா திட்டவில்லை. மறுநாள் கூடவே நடந்தாள்.

நடக்கத் தொடங்கிய பதினாலாம் மாதம், "ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்திருக்குக்கா" என்றாள் ஹில்டா.

"வேணாம். மானம் எங்க போச்சோ, அங்கயே எட்த்துகினு வரணும்."

ஒன்பது பேரும் விறகுத் தொட்டிக்குப் போனார்கள். நசீம் பானு தராசுப் பலகையில் ஏறி உட்கார்ந்தாள். கஜபதி பழைய நினைப்பில் இருபது கிலோ கற்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஐந்தாவது கல்லை வைத்ததும் அவள் பலகையோடு மேலே எழும்பிவிட்டாள். கால்கள் அந்தரத்தில் ஆட, முதலில் சிரித்தவள் அவள்தான்.

கஜபதி ஒரு கல்லை எடுத்தார், சில்லறைக் கற்களைப் போட்டார், முள் நேராக நின்றது. "எம்பத்தெட்டும்மா" என்றார் மெதுவாக.

"இன்னா அண்ணாத்தே முணுமுணுக்கிற? அன்னிக்குக் கத்தினியே, அதே மாரி கத்து!"

"எம்பத்தெட்டு!"

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. நசீம் பானு தலைநிமிர்ந்து எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தாள், ஆபரேஷனுக்குத் தேதி கேட்க.