ஈயப் பாசிக்குப் பேரீச்சம்பழம்

அந்த ஆடியில் கரை ஒதுங்கிய பாசியில் ஈயம் அதிகம். அலை அதைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது பாத்திரக்கடை சரிந்த மாதிரி சத்தம் கேட்கும். அதனால் பேரீச்சம்பழக்காரர் தெருவுக்குள் வருவதை விட்டுவிட்டு, சைக்கிளை நேரே கடற்கரைக்கு உருட்டி வந்தார். பாசியைப் போட்டால் பழம் கொடுத்தார்.

யாரும் இதில் ஆச்சரியப்படவில்லை. பழத்தில் மணல் ஒட்டியிருக்கிறது என்பது மட்டும்தான் குறை.

பிரகாசியும் அவள் அக்கா ஸ்தெல்லாவும் பாசி பொறுக்கினார்கள். வீட்டில் அவர்கள் இருவர்தான். மிஞ்சிய பாசியைக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். அக்கா அதிகம் குடித்தாள். நாளாக ஆக அவள் உட்கார்ந்த கட்டில் குழிந்தது. தரைக்கு மாறினாள். தரையும் குழிந்தது.

நர்சம்மா வந்து அக்காவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எத்தன வருசமா உடம்புல சத்து இல்ல, சத்து இல்லன்னு கத்துறேன். இப்பப் பாரு! மாத்திரையே வேணாம்."

"அக்காவால எந்திரிக்க முடியல."

"சத்துள்ள உடம்பு அப்பிடித்தான்."

வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். நாலு பேர் முன்னால் பிரகாசிக்கு வாய் வராது. வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்லக் கூச்சப்பட்டே பள்ளிக்கூடத்தை விட்டவள்.

மறுநாள் அக்கா முழங்கால்வரை மணலில் புதைந்து புதைந்து கரைக்கு வந்தாள். பேரீச்சம்பழக்காரர் சைக்கிள் பம்பால் அவள் தோளைத் தட்டிப் பார்த்தார். மொத்தென்று சத்தம் வந்தது.

"சுத்த ஈயம். இதையும் போடுறியாம்மா?"

"அது எங்க அக்கா," என்றாள் பிரகாசி, அவர் காதுக்கு மட்டும்.

"அக்காதான். பழசா, புதுசா?"

"இருபத்தாறு வயசு."

"அப்பப் பழசு."

பக்கத்து வீட்டு சவரியம்மா எட்டிப் பார்த்தாள். "நல்ல எடை நிக்கும்டி. பொழச்ச போ!"

அக்கா தானாகவே தராசில் ஏறினாள். "கல்லச் சரியா வைக்கச் சொல்லு பிரகாசி. இந்தாளு ஏமாத்துவான்."

அக்கா போய்விட்டால் வீட்டில் யாரும் இல்லை. வேண்டாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் கரை முழுக்க ஆட்கள் நின்றார்கள். அதற்குள் பேரீச்சம்பழக்காரர் அவள் பாவாடை மடியில் பழத்தைக் கொட்டினார். சிந்திவிடுமே என்று அவள் மடியைப் பிடித்துக்கொண்டாள். அவர் அக்காவைக் கேரியரில் ஏற்றி, பழைய டியூபால் இறுக்கிக் கட்டினார்.

பிரகாசி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்றாள்.

அவள் வாயிலிருந்து கணீரென்று மணிச் சத்தம் வந்தது.

சவரியம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். "மொத மணி அடிச்சாச்சு. வாங்கடி."

பெண்கள் பாசியை அப்படியே போட்டுவிட்டு மாதா கோயிலைப் பார்க்க நடந்தார்கள். பேரீச்சம்பழக்காரர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார்.

பிரகாசி மறுபடியும் சொன்னாள். இரண்டாம் மணி அடித்தது.

அக்கா கேரியரிலிருந்து திரும்பினாள். "அங்க நின்னு என்னடி செய்யிற? நீயும் போ. பூச ஆரம்பிச்சிரும்."

பிரகாசி மடியை விட்டாள். பழமெல்லாம் மணலில் விழுந்தது. இருந்த மூச்சையெல்லாம் கூட்டி மூன்றாவது தடவை கத்தினாள்.

கடைசி மணி என்று பின்தங்கி நடந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள். பேரீச்சம்பழக்காரரும் தாவி ஏறி, எழுந்து நின்று மிதித்தார்.