காப்பு கட்டிய மாலை

கிணற்றில் நீந்துகிறவனுக்கு வானம் வட்டமாகத் தெரியும். பரணிதரன் மூச்சு வாங்க மல்லாந்து மிதக்கும்போது அந்த வட்டத்தின் குறுக்கே ஒரு மைனா பறந்து போகும். அது போன பிறகு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்த சைக்கிள், படியில் மடித்து வைத்த துண்டு, அவ்வளவுதான். திரும்பக் குப்புறப் புரண்டு, கல் சுவரை ஒட்டி வட்டமடிக்கத் தொடங்குவான்.

சென்னையில் கடலில் நீந்தி, கரையேறி நெடுந்தூரம் சைக்கிள் மிதித்து, அப்படியே இறங்கி ஓட வேண்டும். மூன்றையும் ஒரே பகலில் முடிக்க வேண்டும். அந்தப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேப்பில் அவனுக்கு ஷிப்ட் வேலை. வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்தால் ஜெயங்கொண்டம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம் வரை போய்த் திரும்புவான். சுண்ணாம்புக்கல் லாரிகள் உரசிக்கொண்டு போகும். உதட்டில் மாவுபோலப் புழுதி படியும். அதற்கப்பால் முந்திரித் தோப்புகள் வந்துவிட்டால் பூவாசமும் டயர் உருளும் சத்தமும் மட்டும் இருக்கும். உலகத்தில் எல்லோரும் எங்கோ ஒரே வீட்டில் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் யாரும் சொல்லி அனுப்பவில்லை என்று அவனுக்கு அப்போது தோன்றும்.

ஓடும்போது வழியில் நிறுத்தி விசாரிப்பார்கள். முதல் வருஷம் போலீஸ் செலக்‌ஷனா என்று கேட்டார்கள். முன்தலை வழுக்கை தெரியத் தொடங்கியதும் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. இப்போதெல்லாம் சுகர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார்கள். பங்காளி முறையில் சித்தப்பாவான சிங்காரவேலு ஒருநாள் டிவிஎஸ்ஸைக் கூடவே ஓட்டிக்கொண்டு வந்து, "டாக்டரு நடக்கத்தானடா சொல்லியிருப்பாரு, நீ ஏன் பயந்து ஓடுற?" என்றார்.

மனைவி அனுசுயா மட்டும் எதுவும் கேட்டதில்லை. ஊறவைத்த கொண்டைக்கடலையை எடுத்து வைப்பாள், உப்புப் பூத்த பனியன்களைத் துவைத்துப் போடுவாள். தை மாதம் ஒரு நாள், "அன்னிக்கு நானும் வரேங்க. நீங்க ஓடி வர்றத எட்ட நின்னு பாக்குறேன்" என்றாள். அவன், கூட வருகிறவருக்கான அனுமதிக்கும் சேர்த்துப் பதிவு செய்தான். அன்று முதல் ஒவ்வொரு நீண்ட பயணத்தின் கடைசியிலும், கால் கல்லாகிப்போகும் இடத்தில், கூட்டத்தில் ஒரே ஒரு முகம் தன் பக்கம் திரும்புவதை நினைத்துக்கொண்டுதான் மிதித்தான். போட்டியில் எத்தனையாவதாக வருவோம் என்பது அவனுக்குப் பொருட்டில்லை. அந்த முகம் அங்கே இருக்க வேண்டும்.

மாசியில் மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்த செய்தி ஊர் வாட்ஸப் குழுவில் வந்தது. செவ்வாய்க்கிழமை மாலை காப்புக் கட்டு. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருப்பவர்கள் தீமிதி முடியும் வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. அந்த நேரத்தில் ஊரில் இல்லாதவரை அது கட்டுப்படுத்தாது. போட்டியோ காப்புக்கும் தீமிதிக்கும் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் முந்தின நாளே போய்ப் பதிய வேண்டும், தங்காமல் முடியாது.

பரணி உடனே கணக்குப் போட்டான். லேப்பில் மணிவேலிடம் கெஞ்சி, அவனுடைய அன்றைய மாலை ஷிப்டைத் தான் வாங்கிக்கொண்டான். மாரியாத்தாளையே ஏமாற்றுகிறாயா என்று மணிவேல் சிரித்தான். செவ்வாய்க்கிழமை மதியமே சைக்கிளில் கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டினான்; ஷிப்ட் முடிந்து ராத்திரி ஆலையிலேயே படுத்துக்கொண்டான். அன்று முழுக்க அவனுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம் இருந்தது.

புதன்கிழமை காலை வீடு திரும்பியபோது நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மா பொன்னம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். அனுசுயா வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தான் தப்பித்த விதத்தை அவளிடம் சொன்னான். அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"சரிங்க. நான்?"

அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் அவளும் காப்புக்குள் மாட்டிக்கொண்டது உறைத்தது.

"நீ... உங்கம்மா வூட்டுக்குப் போயிருக்கலாமே அனு."

"மருமவ காப்பு அன்னிக்கு பையத் தூக்கிட்டு தானா கெளம்ப முடியுமா? நீங்க அத்தகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டு, நீங்க போன் பண்ணுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அஞ்சர வண்டியும் போயிருச்சு. பொறவு மேளம் அடிச்சிட்டாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. அந்த மதியம் முழுக்க அவன் தன் ஒருவனை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தான். தனியாகவே ஓடி, தனியாகவே நீந்தி, எண்ணுவதற்கு இன்னொரு ஆள் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

போட்டிக்கு முந்தின வாரத்தில் பயிற்சியைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு தர வேண்டும். வீட்டில் இருக்க நேரம் நிறையக் கிடைத்தது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் மாவிளக்குக்கு அரிசி இடித்தாள், முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்தாள், பக்கத்து வீட்டுக் கலியம்மாளோடும் மற்ற பெண்களோடும் கும்மி பழகப் போனாள். அவன் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தான். வியாழக்கிழமை, தானும் போகவில்லை என்றான்.

"போவாம இருந்துட்டா அதையும் நான்தான் வருசம் பூரா கேக்கணும். போயிட்டு வாங்க" என்றாள்.

சனிக்கிழமை விடியற்காலை பெரம்பலூரில் பஸ் ஏறினான். சைக்கிளைக் கழற்றிச் சாக்கில் சுற்றி அடியில் போட்டிருந்தான். மதியம் கடற்கரை ஓரத்து மண்டபத்தில் பதிவு நடந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அவன் பெயரைப் பார்த்துவிட்டு, கூட வருகிறவர் எங்கே என்று கேட்டாள். ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள், அதனால் வர முடியவில்லை என்றான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். "காப்பு, செயின் எல்லாம் கழட்டிடணும் சார். தண்ணியில மாட்டிக்கும்."

இரண்டு கைகளையும் திருப்பிக் காட்டினான். "எனக்கு இல்லீங்க."

வெளியே வந்து மணலில் நின்று போன் செய்தான். வெகுநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தாள். பின்னால் மேளம் காதைக் கிழித்தது.

"சாப்பிட்டீங்களா? கரகம் நம்ம தெருவுக்குத் திரும்பிருச்சு, பொறவு பேசறேன்."

பேச்சு முடிந்தது. ஆனால் இணைப்பைத் துண்டிக்க அவள் மறந்துவிட்டாள். புடவை உரசும் சத்தம் வந்தது, யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். பிறகு அனுசுயா யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே அவனுக்கு நினைவில்லை. அவனுக்கு முன்னால், நாளை நீந்த வேண்டிய பாதைக்கு ஆட்கள் படகிலிருந்து மஞ்சள் மிதவைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான்.