பதினான்காம் பிரிவும் ஒன்பதாம் பெட்டியும்

"நான் அவ பேரைச் சொன்னேனா? சொல்லவே இல்லையே…"

"சொல்லாமத்தான் சொல்லிக்கிட்டிருக்கே டாலி. சாவி யார்கிட்ட இருக்கு, தங்கச்சி எங்க வேலை பார்க்கிறா…"

"ரெண்டும் உண்மையா இல்லையா? இந்த ரூம் சாவி அவகிட்ட இருக்கு. தங்கச்சி அந்த வக்கீலுக்கு டைப் அடிக்கிறா. இதெல்லாம் நான் கட்டின கதையா?"

"தினமும் நமக்குக் காபி போட்டுக் கொடுக்கிறவளைப் போய்…"

"வேவு பார்க்க வர்றவ காபி போட மாட்டாளா வெண்டல்? முதல்ல அதைத்தான் போடுவா."

நூலகத்தின் நிலவறையில் வரைபடங்கள் வைத்திருக்கும் அறை அது. மேலே மூன்றாம் மாடியில் நீள மேஜைக்கு அந்தப்பக்கம் பல்கலைக்கழகத்தின் வக்கீல் ப்ருயிட்டும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்டோபரில் தொடங்கிய ஒப்பந்தப் பேச்சு மார்ச் மாதம் வந்தும் முடியவில்லை. எங்களுக்குள் பேச வேண்டியிருந்தால் இடைவேளை கேட்டுக்கொண்டு கீழே இறங்கி வருவோம். நூலகர் சங்கத்தின் சார்பில் நாங்கள் மூன்று பேர். வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மேஜையில் இருபது வருடமாக உட்காரும் டொலோரஸ் பெர்டுச்சி, எங்களுக்கு டாலி, தலைமை. ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் வெண்டல் ட்ரெவார்த்தன். மூன்றாவது நான், ஹில்யா. எது எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்களுக்குக் காட்டும் கார்டுகளை எழுதுவது என் வேலை. பேச்சுவார்த்தையில் யார் என்ன சொன்னார் என்று குறிப்பெடுப்பதும் நான்தான்.

அரைமணி நேரம் முன்னால் ப்ருயிட் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"அம்மணி, இழுத்துக்கிட்டே போக வேண்டாம். வருஷத்துக்குப் பத்து நாள் ஆராய்ச்சி விடுப்பு தர்றோம். நீங்க பதினாலாம் பிரிவை எடுத்துடுங்க. உங்க மனசுக்கும் இது ஒத்து வரும்னு நினைக்கிறேன்."

டொலோரஸின் கழுத்து சிவந்தது. நாங்கள் மேஜையில் கேட்டது இருபது நாள். பத்து என்ற எண்ணை யாரும் வாயால் உச்சரித்ததே இல்லை. அது ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. கழுத்தில் கத்தி வைத்தால் எதை எதை, எந்த வரிசையில் விட்டுக்கொடுப்பது என்று எங்களுக்காக மட்டும் நான் தட்டச்சு செய்த நாலு பக்கம். அதன் கடைசி வரி: பத்து நாள் விடுப்புக் கிடைத்தால் பதினான்கை விடலாம். அந்த வரியைத் தட்டச்சு செய்ய எனக்கு விரல் வரவில்லை. பென்சிலால் எழுதினேன். பிறகு மூன்று பேருக்கும் ஒவ்வொன்றாக நகல் எடுத்தேன்.

பதினான்காம் பிரிவு சின்னது. ஆண்டுக்கு ஆண்டு கடிதம் கொடுத்து வேலைக்கு வைத்திருப்பவர்களை ஆறு வருடம் முடிந்ததும் நிரந்தரமாக்க வேண்டும் என்பது. எங்கள் நூலகத்தில் அப்படி இருந்தது ஒரே ஆள். மர்லா லாஹ்டி. பதினோரு வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவள். இந்த ஜூனிலிருந்து கடிதமே கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. பதினான்கு போனால் மர்லாவும் போவாள்.

டொலோரஸ் சந்தேகப்பட்டது அந்த மர்லாவைத்தான்.

"தன் கழுத்தைத் தானே அறுத்துப்பாளா?" என்றான் வெண்டல். "அந்தத் தாள் வெளிய போனா முதல் அடி அவளுக்குத்தானே?"

"பேரம் பேசியிருந்தா? நம்ம ரகசியத்தை அங்க வித்து, தனக்கு மட்டும் தனியா ஒரு வேலை வாங்கியிருந்தா? மூணு வாரம் முன்னாடி டீன் ரூம்ல முக்கால் மணி நேரம் இருந்தா. என்ன பேசினேன்னு கேட்டேன். வானிலையாம்."

"இந்த ஊர்ல வானிலையைப் பத்தி மூணு மணி நேரம் கூடப் பேசலாம்."

"சிரிக்காதே. உங்க தாத்தா சுரங்கத்துல மேஸ்திரி. மேல இருக்கிறவன்கிட்ட யார் போனாலும் உங்க குடும்பத்துக்குத் தப்பாத் தெரியாது. ஹில்யாவோட தாத்தா அதே சுரங்கத்துல வேலை நிறுத்தம் செஞ்சு வீட்டை இழந்தவர். அவங்களைக் கேளு, கருங்காலி எப்படி இருப்பான்னு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.  உண்மையைச் சொன்னால் என் மனதிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக மூன்று வாரமாக மர்லா என் முகத்தைப் பார்ப்பதில்லை. காபியை வைப்பாள், குனிந்த தலை நிமிராமல் போய்விடுவாள். முன்பெல்லாம் என் மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டு நான் எழுதும் கார்டுகளில் குற்றம் கண்டுபிடித்துக் கேலி செய்வாள்.

"சரி, பிரதியை எண்ணுவோம்," என்று டொலோரஸ் தன் பையிலிருந்து நாலு பக்கத்தை எடுத்து மேஜையில் போட்டாள். "இது என்னுது. வெண்டல்?"

வெண்டல் கோட்டின் உள்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான்.

"ஹில்யா, உங்களுது?"

"வீட்டுல இருக்கு. மேஜை டிராயர்ல, பூட்டி."

"மூணும் இருக்கு. அப்ப நகல் எடுத்த மூலம்? பென்சில்ல எழுதினது?"

"அது வழக்கம்போல வெள்ளிக்கிழமை…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை என்ன?"

எங்கள் முதல் ஒப்பந்தம் முடிந்த வருடமே சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டிருந்தோம். பேச்சுவார்த்தைத் தாள் ஒன்று விடாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். நாளைக்கு ஒருவன் வந்து 'நாங்கள் அப்படிச் சொல்லவில்லை' என்று சொல்லக் கூடாது. அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரத்துத் தாள்களை அடுக்கி, ஒப்படைப்புப் படிவம் எழுதி, வெண்டலின் தட்டில் வைத்துவிடுவேன். பதினேழு வருடப் பழக்கம். கை தானாகச் செய்யும்.

வெண்டல் தன் தாளை மேஜையில் வைத்தான்.

"பெட்டி ஒன்பது," என்றான் மெதுவாக.

எழுந்து போனான். திரும்பி வந்தபோது அவன் கையில் மஞ்சள் படிவம் இருந்தது. என் கையெழுத்து. பெட்டி எண் இருந்தது, தேதி இருந்தது, பக்க எண்ணிக்கை இருந்தது. 'எந்த ஆண்டு வரை மூடி வைக்க வேண்டும்' என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"வெறுமையா விட்டா?" என்று டொலோரஸ் கேட்டாள்.

"திறந்ததுன்னு அர்த்தம்," என்றான் வெண்டல். "அரசாங்கப் பல்கலைக்கழகம். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கணும்."

"எந்த மடையன் போட்ட விதி அது?"

வெண்டல் என்னைப் பார்த்தான். நான் வெண்டலைப் பார்த்தேன். ஒரு கோடைக்காலத்தில் இதே அறையில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் எழுதிய விதி அது. எழுதி முடித்துவிட்டு எங்களை நாங்களே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

"திறந்திருந்தாலும் அங்க இருக்குன்னு வெளியில யாருக்குத் தெரியும்?"

"கார்டு இருக்கு," என்றேன்.

"என்ன கார்டு?"

"பெட்டி வந்தா கார்டு போடணும் இல்லையா. முன்கூடத்து அலமாரியில இருக்கு."

"நம்ம ரகசியத் தாளுக்குக் கார்டு போட்டீங்களா?"

"மூணு தலைப்புல," என்றேன். "தேடுறவங்களுக்குச் சுலபமா இருக்கணும்னு."

டொலோரஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மூடின கைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"பழைய ஒப்பந்தத்தைத் தேடிக்கிட்டு வந்திருப்பான் ப்ருயிட். டிராயரை இழுத்திருப்பான். நம்ம பரம்பரைச் சொத்தையே தட்டுல வச்சு நீட்டியிருக்கோம்." கையை எடுத்தாள். கண் உலர்ந்துதான் இருந்தது. "சரி, அவன்தான்னு நமக்கு எப்படித் தெரியும்? அவளே பெட்டியைப் பார்த்துட்டுப் போய்ச் சொல்லியிருக்கலாம். பெட்டி கேட்டவங்க சீட்டு எழுதிக் கொடுக்கணும் இல்லையா? அந்தச் சீட்டைக் கொண்டா."

"மாட்டேன்."

"வெண்டல்."

"யார் எதை வாங்கிப் படிச்சாங்கன்னு யாருக்கும் சொல்றதில்லை. டீனுக்கும் இல்லை, போலீசுக்கும் இல்லை. இந்த ஒப்பந்தத்துல ஒன்பதாம் பிரிவா அதை எழுதினது யாரு? நீதான். ரெண்டு மாசம் அதுக்காகச் சண்டை போட்டோம். ப்ருயிட் சம்மதம்னு முதலெழுத்துப் போட்ட பக்கம் மேல கிடக்கு."

"அது அவங்களுக்குப் போட்டது. நாம வேற."

"யாருக்கும்னா நமக்கும்தான் டாலி."

"ஒரு பொண்ணோட மானம் போகுது. மர்லா பேர் அதுல இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே எழுந்து போய் அவகிட்ட மன்னிப்புக் கேட்கிறேன்."

வெண்டல் மஞ்சள் படிவத்தின் மூலையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

"எத்தனை சீட்டு? எண்ணிக்கை சொல்லலாம் இல்லையா? வருஷ அறிக்கையில நீயே போடறியே."

"ரெண்டு."

"ஒண்ணு ப்ருயிட்னு வச்சுக்குவோம். இன்னொண்ணு?"

அவன் படிவத்தை மேஜையில் வைத்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதன். காது மடல் இரண்டும் சிவந்து போயின.

"பார்த்தீங்களா ஹில்யா," என்றாள் டொலோரஸ். "நான் ஒண்ணுமே சொல்லலை. அவன் காது சொல்லுது."

அப்போது பூட்டில் சாவி திரும்பியது.

மர்லா முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பூட்ஸில் பனி ஒட்டியிருந்தது. கையில் துண்டில் சுற்றிய தட்டு. தேவாலயத்துப் பெண்கள் புதன்கிழமைதோறும் சுட்டு விற்கும் பேஸ்டிகள். இறைச்சியும் கிழங்கும் அடைத்த மாவு, மூலையில் யாருக்கு என்று முதலெழுத்துக் கீறியிருக்கும். சுரங்கத்துக்குச் சாப்பாடு கட்டிய காலத்து வழக்கம்.

"சூடு ஆறதுக்குள்ள எடுத்துக்குங்க. வெண்டல், இதைக் கெடுக்கக் கெட்சப் கேட்டீங்கன்னா பனியில தள்ளிக் கதவைச் சாத்திடுவேன்."

மூன்று பேரில் ஒருவரும் கையை நீட்டவில்லை. துண்டைப் பிரித்து எங்கள் மூவருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். வைத்துக்கொண்டே மேஜையில் கிடந்த மஞ்சள் படிவத்தைப் பார்த்தாள். கை நின்றது.

"ஓ," என்றாள். "ஒன்பதாம் பெட்டி வரைக்கும் வந்துட்டீங்களா."

"உனக்கு எப்படித் தெரியும் அது?" டொலோரஸின் குரல் மேஜையில் ப்ருயிட்டிடம் பேசும் குரலாகிவிட்டது.

"ரெண்டாவது சீட்டு என்னுது. வெண்டலை வாட்டாதீங்க, அவர் நாக்கை அறுத்தாலும் சொல்லமாட்டார். அதான் நானே சொல்றேன்."

"எதுக்குப் போய்ப் பார்த்தே?"

"டீன் கூப்பிட்டார். 'உங்க ஆளுங்களே உன்னைக் கை கழுவிட்டாங்க. நம்பலைன்னா உங்க காப்பகத்துலயே போய்ப் பாரு. தனியா வந்து கையெழுத்துப் போடு, இன்னும் ஒரு வருஷம் தர்றேன்'னார். அவர் பொய் சொல்றார்னு நினைச்சேன். வானிலையைப் பத்திப் பேசிட்டு வந்துட்டேன். அப்புறம் காப்பகத்துக்குப் போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்."

"கையெழுத்து?"

"போட்டிருந்தா இன்னைக்கு எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டு வரேன் டாலி?"

"அப்ப எங்ககிட்ட ஏன் வாயைத் திறக்கலை? மூணு வாரம். அன்னைக்கே சொல்லியிருந்தா ப்ருயிட் இன்னைக்கு இப்படி அடிச்சிருக்க முடியாது."

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். ஒவ்வொரு நாளும் காபி கொண்டு வந்து வைக்கும்போது, இன்னைக்குச் சொல்வாங்கன்னு நினைச்சுக்குவேன்."

டொலோரஸ் தன் முன்னால் இருந்த பேஸ்டியைச் சுற்றித் திருப்பினாள். அதன் மூலையில் அவள் பெயரின் முதலெழுத்து பழுப்பாக வெந்திருந்தது.

"உன் தங்கச்சி…" என்று பாதியில் விட்டாள்.

"அவளைப் பார்த்து மூணு மாசம் ஆச்சு. கிறிஸ்துமஸுக்குக் கூடப் போகலை. பேச்சு முடியற வரைக்கும் வராதேன்னு நான்தான் சொன்னேன். உங்களுக்கு இந்த எண்ணம் வரக்கூடாதுன்னு."

சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. வெண்டல் எடுத்தான். "சரி," என்றான், "சரி, வர்றோம்," என்றான், வைத்தான்.

"பதினாலாம் பிரிவை எடுத்துட்ட பக்கம் மேஜையில தயாரா இருக்காம். ப்ருயிட் தன் முதலெழுத்தைப் போட்டுட்டாராம். அடியில நம்மளுது போட்டா முடிஞ்சது, பத்து நாள் விடுப்பு இன்னைக்கே உறுதிங்கிறார். ரெண்டு மணிக்கு மேல காத்திருக்க மாட்டாராம்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பது. டொலோரஸ் எழுந்து தாள்களை அடுக்கினாள். அடுக்கியதையே திரும்பவும் அடுக்கினாள். நூலகத்தில் மற்ற இருபத்திரண்டு பேரும் அந்தப் பத்து நாளுக்காக அக்டோபரிலிருந்து காத்திருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் என்னை வழியில் நிறுத்தி, எப்போது கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். மர்லாவைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

நான் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மர்லா கதவருகே நின்றிருந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள்.

"நாலாம் பக்கத்துல கடைசி வரி மட்டும் பென்சில்ல இருந்துச்சு ஹில்யா. பதினோரு வருஷமா கார்டுல பார்க்கிற கையெழுத்து. யார் எழுதினாங்கன்னு நான் யார்கிட்டயும் கேட்க வேண்டியிருக்கலை. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இப்ப மேல போறீங்களே, அந்த வரியோட போறீங்களா, அதை அழிச்சுட்டுப் போறீங்களா?"