புளி போட்டுத் தேய்த்த ட்ராம்போன்

வண்டி பேசி நிறுத்திவிட்டு மாடியேறிய திருவேங்கடம் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். கூடத்தில், அவனுடைய ட்ராம்போன் மூன்று துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஈரம் சொட்டச் சொட்ட, குத்துவிளக்குகளோடு பளபளவென்று கிடந்தது. பக்கத்தில் புளிச் சக்கை, செங்கல் பொடி.

"பளிச்சுனு ஆயிடுத்து பாத்தேளா?" என்றாள் அவன் மனைவி ஜலஜா. "காலேஜுக்குக் கொண்டுபோற சாமான் கறுத்துக் கெடந்தா வெள்ளைக்காரா என்ன நெனைப்பா?"

பவானிபூருக்குக் குடிவந்த நாள்முதல் அவள் அதைத் தொட்டதில்லை. வாயில் வைத்து ஊதுகிற எச்சல் பண்டம். வாசித்து முடித்ததும் அவன் குழாயில் தேங்கிய நீரைத் தரையில் வேறு வடிப்பான். அவள் முணுமுணுத்துக்கொண்டே அந்த இடத்தைச் சாணி கரைத்துத் துடைப்பாள். பகலில் பாங்கு குமாஸ்தா, மாலையில் சௌரங்கி நாடகக் கொட்டகையில் வாத்தியக்காரன் என்று அவன் பட்ட பாட்டுக்கு இன்றைக்குத்தான் ஒரு வழி பிறக்கப் பார்த்தது. காலேஜில் ட்ராம்போன் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள். சாயங்காலம் பிரின்ஸிபாலுக்கு முன்னால் வாசித்துக் காட்டவேண்டும். கிடைத்துவிட்டால் பாங்குக்கு ஒரு பெரிய கும்பிடு. இத்தனை வருஷம் தொடாத மகராசி, இன்றைக்கென்று பார்த்துத் தொட்டிருக்கிறாள். அன்பு வந்தால் இப்படியா வந்து தொலைக்க வேண்டும்!

குழாய்க்குள் குழாயைச் செருகினான். வெண்ணெயாக வழுக்கவேண்டியது கரகரவென்று பாதிவரை போய் நின்றது. இழுத்தான். வரவில்லை.

"உள்ளேயும் தேச்சியா?"

"பின்னே? உள்ளேதானே எச்சல் இருக்கு. குச்சியிலே துணி சுத்தி, பொடி போட்டு நன்னாத் தேச்சேன்."

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இழுத்து நீட்டினால்தான் ட்ராம்போனில் ஸ்வரம் மாறும். இல்லாவிட்டால் அது வெறும் ஊதுகொம்பு. அவன் முகம் போன போக்கிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. சாதாரணமாகக் காப்பி ஆறினாலே கத்துகிறவன் அவன்.

"ரெண்டு திட்டுத் திட்டிடுங்கோ. இப்படிப் பேசாம உக்காராதேங்கோ, பயமா இருக்கு."

"அந்தப் பக்கம் பிடி," என்றான்.

ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கிறீச்சென்று கழன்று வந்தது. செங்கல் சேறு வளைவில் அடைத்துக்கொண்டிருந்தது. வாயை வைத்து ஊதினான். வெறும் காற்றுகூட வரவில்லை. ஊதியே பேர் வாங்கியவனுக்கு உதடு உலர்ந்துபோயிற்று. வாசலில் வண்டிக்காரன் இரைந்து கூப்பிட்டான்.

ஜலஜா அவன் கையிலிருந்து குழாயை வாங்கினாள். அவன் வாய் வைத்த இடத்தை ஒருதரம் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அங்கேயே வாயை வைத்து, வயிறு ஒட்ட ஊதினாள்.

எருமை கத்தினாற்போல ஒரு சத்தம் கிளம்பியது. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. "கீ ஹோலோ, பௌதி?" என்ன ஆச்சு அண்ணி என்று வங்காளியில் யாரோ பதறினார்கள். திருவேங்கடம் வாய்பிளந்து பார்த்தான்.

துலக்கிய குத்துவிளக்குகள் மேல் சிவப்புச் சேறு தெறித்து வழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. உதட்டைச் சுற்றிச் செங்கல் சிவப்போடு, அடுத்த மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.