தையல்காரரின் அஞ்சலித் தாள்

பிரஸ்பிட்டீரியன் போதகர் கடல் தாண்டி வந்தபோது இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் துணிமணி. மற்றதில் இருபது வருஷத்துப் பிரசங்கங்கள். "கேட்ட காதெல்லாம் அங்கேயே இருக்கு. இங்க எல்லாமே புதுசுதான்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். இங்குள்ள சபை மூப்பர்கள் அவரைப் பரீட்சித்துப் பார்த்த முதல் பிரசங்கமே பழசுதான். அவர்கள் சொக்கிப்போய் ஒருமனதாகப் போதகராக ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் மனுஷன் எதற்குப் பேனாவைத் தொடப்போகிறார்!

அன்று ஒரு பஸ் டிரைவரின் அடக்க ஆராதனை. சொந்த ஊரில் ஒரு தையல்காரர் இறந்தபோது வாசித்த அஞ்சலியைச் சுத்தமாகப் படியெடுத்து வைத்த நகல் பெட்டியில் இருந்தது. தையல்காரர் என்று வந்த இடத்திலெல்லாம் டிரைவர் என்று போட்டார். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

"இவர் கைபட்ட எதிலும் கோணல் இருந்ததில்லை" என்று குரல் தழுதழுக்க ஆரம்பித்தார். பஸ்ஸில் என்ன கோணலோ, அது அவருக்கே வெளிச்சம். ஆனாலும் டிரைவரின் மனைவி தேம்பினாள்.

நாலாவது வரிசையில் ஓர் அம்மாளின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபிக்கிறாள் என்று நினைத்தார். உற்றுப் பார்த்தால், அவர் சொல்லப்போகும் வார்த்தை அவள் உதட்டில் முன்கூட்டியே இருந்தது. தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. தையல்காரரின் மனைவி! ஒரிஜினல் தாளை அன்றே கேட்டு வாங்கிக்கொண்டவள். மிச்சத்தைத் தலை நிமிராமலே வாசித்து முடித்தார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிமிர்வது?

ஆராதனை முடிந்து வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்தார். அவள் கடைசியாக வந்தாள்.

"நல்லா இருக்கீங்களா ஐயா? பொண்ணு வீட்டுக்கு வந்து பத்து நாளாச்சு. டிரைவர் தம்பி பக்கத்து வீடு."

"அம்மா, அது வந்து... உங்க வீட்டுக்காரருக்குன்னேதான் எழுதினேன். இன்னிக்கு நேரமில்லாம..."

அவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். "டிரைவர் தம்பி சம்சாரம் இதக் கேட்டா குடுங்க. எனக்கு மனப்பாடம்."

பிரித்தார். அவருடைய கையெழுத்துதான். 'கொத்தனார்' என்பதை அடித்து, மேலே 'தையல்காரர்' என்று எழுதியிருந்தது. ஓரிடத்தில் அல்ல, நாலு இடத்தில். அதை அடியோடு மறந்திருந்தார்.

"இத... பாத்தீங்களா?"

"ஒம்பது வருஷமா தெனம் பாக்குறேன். யாரோ ஒரு கொத்தனாரும் நல்ல மனுஷன்போலன்னு மனச தேத்திக்குவேன். ஆனா ஐயா, அவர் உங்களுக்கு ரெண்டு அங்கி தச்சுக் குடுத்தாரே. அவரப் பத்திச் சொல்ல உங்ககிட்ட சொந்தமா ஒரு வார்த்தகூட இல்லாமப் போச்சா?"

போதகர் உடுத்தியிருந்தது அதில் ஒன்று. கழற்றவும் முடியவில்லை, போட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் பையை மூடினாள். "குடுக்கும்போது தையல்காரரையும் அடிச்சுட்டுக் குடுங்க ஐயா."