பாணும் ரொட்டியும்

மலாயாவின் அவசரகாலத்தில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்ட வேலியைத் தாண்டிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஒருநாள் காலை, பால்மரம் வெட்டக் கிளம்பிய வீராயியின் வாளியில், நடுவே கீறிச் சாடின் மீன் வைத்த நீள ரொட்டி போலீஸ் சோதனையில் அகப்பட்டது.

“என் பசிக்குத்தாங்க இந்த ரொட்டி. வீட்டுக்காரரு குடுத்தாரு” என்றாள்.

அவள் புருஷன் மாடசாமி தோட்டத்தில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டுச் சமையல்காரன். அந்த வீட்டுப் பேச்சு ஒட்டிக்கொண்டவன், போலீசார் தனியே விசாரித்தபோது, “பாண் குடுத்தேன்” என்றான்.

“ரொட்டி இங்க இருக்கு. பாண் யாருக்குப் போச்சு?” என்றான் அரைகுறைத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளன்.

“ஐயோ, ரெண்டும் ஒண்ணுதாங்க!” என்று வெளியே நின்று கேட்ட வீராயி கதறினாள். மாடசாமியை ஏற்றிய லாரி நிற்கவில்லை.

மறுவருஷம் அவன் தடுப்பு முகாமில் காய்ச்சலில் செத்துப்போனதாகச் சொல்லியனுப்பினார்கள். உடலைக்கூட அவளுக்குக் காட்டவில்லை.